நூறு பேரும் நூறு தலையும்

ஹந்தானை மலையில் கோப்பி விளைந்த காலத்தில் ராக்கம்மாவை எல்லோரும் தலைராக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். தலைமுடி அடர்த்தியாக இருந்ததால் வந்த பட்டம் என்று பிற்பாடு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவளுக்கு இருந்தது எலிவால் போல ஒரு பிடி முடி. அந்தப் பட்டம் வந்தது ஒரு தொட்டித் தண்ணீரிலிருந்து.

கண்டிக்கு ரயில் வந்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து புருஷனோடு தோட்டத்துக்கு வந்தவள் ராக்கம்மா. மகள் பேச்சிக்கு அப்போது எட்டு வயது, மகன் சோணைக்கு மூன்று. காட்டுவழியில் பிள்ளைகள் தாங்காது என்று தம்பி பெரியதம்பியின் வீட்டில் விட்டுவிட்டு, ஒரே வருடத்தில் திரும்பிவிடுவோம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். முதல் மழையிலேயே காய்ச்சலில் புருஷன் போய்விட்டான். ஒரு வருடம் நாலு வருடமாயிற்று. சோணைக்குத் தன் முகம் மறந்திருக்கும் என்பதை அவளால் நினைக்கவே முடியவில்லை, ஆனால் தினமும் நினைத்தாள்.

அந்த ஆவணியில் ஊரிலிருந்து தகவல் வந்தது. தோட்டத்துக்கு ஆள் பிடித்துத் தரும் பொன்னையா கங்காணி சேர்த்த புது ஆட்களோடு பெரியதம்பி வருகிறான், பெண்டாட்டி பாலம்மாவையும் ராக்கம்மாவின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பாம்பனில் வெள்ளிக்கிழமை தோணி ஏறுகிறார்கள். தோணியும் புதுசு. ராக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷமா பயமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போன வருடம் அதே கடலில் ஒரு தோணி கவிழ்ந்து, பக்கத்துத் தோட்டத்துக்கு வர வேண்டிய ஆட்களில் ஒருவர்கூட வந்து சேரவில்லை. அந்தத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கேட்ட ஒப்பாரி இந்த மலைவரைக்கும் கேட்டது.

தொட்டித் துரை கதைக்குள் வருவது இங்கேதான். அவருடைய உண்மையான பேர் யார் வாயிலும் நுழையவில்லை. கோப்பிப்பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்தைப் பூட்டுவதற்காகத் தோட்டத்துக்கு வந்தவர். அதற்கு முன்னால் தன் ஊரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தவராம். கடல்வழியே ஆட்களைக் கொண்டுவரும் ஒரு கம்பெனி, போன வருடத்து விபத்துக்குப் பிறகு பெரியதம்பி ஏறப்போகிற அந்தப் புதுத் தோணியைக் கட்டிவிட்டு, இதில் எத்தனை பேரை ஏற்றலாம் என்று அவரைக் கேட்டிருந்தது. துரை யோசித்தார். பழம் உரிக்கும் கூடத்தில், கூரைக்குக் கீழே, கோப்பிக்கொட்டை கழுவும் நீளத் தொட்டி சும்மா காய்ந்து கிடந்தது. பறிப்பு தொடங்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஓடையை அதற்குள் திருப்பிவிட்டார். இயந்திரத்தைச் சுற்றும் தண்ணீர்ச் சக்கரத்தோடு ஒரு பலகையைப் பிணைத்து, தொட்டியின் ஒரு முனையில் தொங்கவிட்டார். சக்கரம் சுற்றச் சுற்றப் பலகை முன்னும் பின்னும் போய்வரும், தொட்டிக்குள் அலை எழும். வேகமாகச் சுற்றினால் பெரிய அலை, மெதுவாகச் சுற்றினால் சின்ன அலை. அதில் விடுவதற்கு அந்தத் தோணியின் அச்சாகவே இரண்டரை முழ நீளத்தில் ஒரு சின்னத் தோணியும் செய்வித்தார்.

“தொரைக்குக் கோப்பிப் பூச்சி மண்டையில ஏறிருச்சு” என்று லயம் முழுக்கச் சிரித்தது. வளர்ந்த மனுஷன், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் தோணி விட்டால் வேறு என்ன சொல்வார்கள்?

தோணியில் ஏற்ற ஆள் வேண்டுமே. களிமண்ணில் பொம்மை செய்யச் சொல்லி துரை கூப்பிட்டது ராக்கம்மாவை. தொட்டியின் வெடிப்புகளை அவள் மண் பூசி அடைத்த சுத்தத்தைப் பார்த்திருந்தார். ஒவ்வொரு பொம்மையும் சுட்ட பிறகு சரியாக ஓர் அவுன்ஸ் இருக்க வேண்டும். சின்ன எலுமிச்சங்காய் கனம், அவ்வளவுதான். அந்தக் கனம் அந்தத் தோணிக்கு ஒரு முழு ஆளுக்குச் சமம் என்று துரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

“எத்தனை பேர்?” என்று துரை பொன்னையா கங்காணியைக் கேட்டார்.

“நூறு பேரு தொரை” என்றார் கங்காணி.

துரை நோட்டுப் புத்தகத்தில் நூறு என்று எழுதினார். ராக்கம்மா நூறு பொம்மை செய்தாள். தலை, உடம்பு, அவ்வளவுதான், கைகால் கிடையாது. ஒவ்வொன்றையும் துரையின் சின்னத் தராசில் வைத்து, கூடினால் சுரண்டினாள், குறைந்தால் ஒதுக்கிவிட்டு வேறு செய்தாள். இந்தப் பொம்மை ஒழுங்காக இருந்தால்தான் தன் பிள்ளைகள் கரை சேரும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. அது மூடநம்பிக்கை இல்லை, நிஜமாகவே அப்படித்தான் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

முதலில் அறுபது பொம்மையை ஏற்றினார்கள். பிறகு எண்பது. பிறகு நூறு. நூறோடு தோணி தாழ்ந்து மிதந்தது. துரை மடையை முழுக்கத் திறக்கச் சொன்னார். சக்கரம் ஓலமிட்டது, பலகை படார் படாரென்று தண்ணீரை அறைந்தது. தோணி மூக்கை முக்கி எழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்தது. ராக்கம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாய்ந்த தோணி நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது, மறுபடி நிமிர்ந்தது. அரைமணி நேரம் ஆட்டிப் பார்த்தும் ஒரு பொம்மைகூடத் தண்ணீரில் விழவில்லை. துரை தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூறு பேரைத் தாராளமாக ஏற்றலாம் என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டார். அன்றைக்குத்தான் ராக்கம்மா ஒரு வாரத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுசு பத்து நாள். பதினோராம் நாள் புதன்கிழமை.

புதன்கிழமை காலையில் பொம்மைகளைக் கூடையில் அடுக்கும்போது அவளுக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டு பொம்மையை எடுத்து நெற்றியில் மஞ்சள் தீற்றித் தனியாக வைத்தாள். ஒன்று பேச்சி, இன்னொன்று சோணை. அந்த வழியாக வந்த பொன்னையா கங்காணி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் எதிலும் ஒரு கேலி சொல்லாமல் போகமாட்டார்.

“என்னா ராக்கம்மா, ரெண்டு எடுத்து வச்சிருக்க? ஒனக்கு அரைப் பொம்மதான். பேச்சி அரைப்பேரு. சோணைக்குப் பேரே இல்ல.”

ராக்கம்மாவும் சிரித்தாள். தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான் இது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்குப் போனால் செக்ரோல் பதிவேட்டில் ஒரு பேர் விழும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வேலை செய்தால் அரைப்பேர். இரண்டு பிள்ளை சேர்ந்தால் ஒரு பேர். அதற்கும் சின்னது, இடுப்பில் இருப்பது, தொட்டிலில் கிடப்பது எதற்கும் பேர் கிடையாது. கங்காணி ஆள் பிடிக்கும்போதும் இதே கணக்குத்தான்.

சிரித்தவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த கூடை கீழே இறங்கியது.

“கங்காணி, நீங்க தொரைகிட்ட நூறு பேருன்னு சொன்னீங்களே. அது செக்ரோல் பேரா?”

“பின்ன என்னா பேரு?”

“அப்ப தோணியில ஏறப்போற தலை எத்தன?”

கங்காணி இடுப்பிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தார். விரலை மடக்கினார். “முழுப்பேரு எழுவத்தெட்டு. அரைப்பேரு நாப்பத்து நாலு, அது இருபத்திரண்டு. ஆச்சா நூறு? அதுக்கு மேல பேரில்லாதது ஒரு இருபத்து மூணு இருக்கும்.”

நூற்று நாற்பத்தைந்து தலை. தொட்டியில் அலை தாங்கியது நூறு.

“ஐயோ பாவி, இத ஏன் தொரைகிட்ட சொல்லல?”

“எத்தன பேருன்னு கேட்டாரு, சொன்னேன். தலைய கேக்கலையே” என்றார் கங்காணி. சொல்லி முடிப்பதற்குள் அவர் முகமும் வெளிறிவிட்டது. அவருடைய தங்கை மகளும் அந்தத் தோணியில்தான் வருகிறாள்.

துரையிடம் ஓடினார்கள். துரைக்குத் தெரிந்த தமிழ் நாற்பது வார்த்தை. அதில் முப்பது வேலை ஏவுவதற்கு. “நூறு பேர். சரி. போ” என்று கையை உதறினார். பேர் வேறு தலை வேறு என்று இரண்டு பேரும் மாறி மாறிக் கத்தியதில் அவருக்குக் கோபம்தான் வந்தது. ராக்கம்மா கத்துவதை நிறுத்தினாள். களத்தில் கோப்பிச் சருகு கூட்டிக்கொண்டிருந்த இரண்டு அரைப்பேர்ப் பெண்பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து துரைக்கு முன்னால் நிறுத்தினாள்.

“தொரை, இது எத்தன?”

“இரண்டு.”

“கங்காணி, செக்ரோல்ல எத்தன?”

“ஒண்ணு” என்றார் கங்காணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பிறகு ஒருத்தியின் இடுப்பிலிருந்த தம்பிப் பாப்பாவை வாங்கித் துரையின் மேசையில் உட்கார வைத்தாள். “இது?”

“ஒன்று” என்றார் துரை. இப்போது அவர் குரல் மெதுவாக வந்தது.

“அதுக்குப் பேரில்ல தொரை.”

துரை நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். நூறு என்று தான் எழுதியிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொட்டியைக் கைகாட்டினார்.

சுடுவதற்கு நேரமில்லை. ராக்கம்மா பச்சை மண்ணிலேயே உருட்டினாள். அரைப்பேருக்குக் கொஞ்சம் சின்னது, பேரில்லாததற்கு இன்னும் சின்னது. துரை நிறுத்து நிறுத்துக் கொடுத்தார். முழுப்பேர் எழுபத்தெட்டையும் ஏற்றி, அரைப்பேரை இடுக்குகளில் செருகி, இடமில்லாததால் பேரில்லாதவர்களைக் கடைசியில் எல்லோருக்கும் மேலே வைத்தாள். நிஜத்திலும் அப்படித்தானே, பிள்ளைகள் மடியிலும் தோளிலும்தான் இருப்பார்கள். மஞ்சள் தீற்றியதில் பேச்சியை அரைப்பேர் அளவுக்குச் சுரண்டி, மற்றதை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோணைக்கென்று ஒரு குட்டிப் பொம்மை செய்து, அதற்கும் மஞ்சள் வைத்தாள்.

மடை திறந்தது. நூறு பொம்மை தாங்கிய அன்றைய அலையில் பாதிகூட எழவில்லை. மூன்றாவது அலையில் தோணி சாய்ந்தது. நிமிரும் என்று ராக்கம்மா காத்திருந்தாள். அது நிமிரவில்லை. மேலே இருந்த குட்டிகள் முதலில் உருண்டன, பிறகு எல்லாமே ஒரே பக்கமாகச் சரிந்தன, தோணி வயிற்றைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்தது. சத்தமே இல்லை. ராக்கம்மா சேலையோடு தொட்டிக்குள் குதித்து, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து கையால் துழாவினாள். சுட்ட பொம்மைகள் கிடைத்தன, அதில் பேச்சியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பச்சை மண் பொம்மைகள் கரையத் தொடங்கியிருந்தன. சோணையை அவள் கண்டுபிடிக்கவில்லை.

துரை நின்றபடியே தந்தி எழுதினார். அவர் குதிரை இரண்டு நாளாக நொண்டிக்கொண்டிருந்தது. தபால்காரன் காலையிலேயே போய்விட்டிருந்தான். “குடுங்க தொரை” என்று ராக்கம்மா தாளை வாங்கி, ஈரச் சேலையோடு கண்டிக்கு இறங்கினாள். வழக்கமான பாதையை விட்டுக் கோப்பிச் செடிகளுக்கு நடுவே சறுக்கினாள். தடுக்கி விழுந்தபோதெல்லாம் தாள் பிடித்த கையை மேலே தூக்கிக்கொண்டாள்.

தந்தி ஆபீசில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், கறுப்புக் கோட்டு. சேறும் ஈரமுமாக ஒரு தோட்டத்துப் பெண் உள்ளே வந்ததை அவர் ரசிக்கவில்லை, ஆனால் துரையின் கையெழுத்தைக் கண்டதும் தாளை வாங்கினார்.

“ஓம், பாம்பனுக்கு. உடனை போகும்” என்றார்.

“என்னான்னு எழுதிருக்கு ஐயா? எனக்கு வாசிச்சுச் சொல்லுங்க.”

“உதெல்லாம் சொல்லுற வழக்கமில்லை” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நூறு பேருக்கு மேலை ஏத்த வேண்டாம் எண்டு எழுதியிருக்கு.”

ராக்கம்மா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். துரையிடம் அவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீண். பாம்பனில் இருப்பவனும் இதைத் தமிழில் நூறு பேர் என்றுதான் வாசிப்பான். அங்கே ஆட்களைக் கூட்டி வரும் சின்னக் கங்காணியும் சீட்டைப் பார்த்துவிட்டு, சரியாக நூறு பேர்தான், கிளம்புங்கள் என்பான்.

“பேருன்னு போடாதீங்க ஐயா! தலைன்னு போடுங்க!”

“பேர் எண்டால் ஆள்தானே? என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“எங்க தோட்டத்துல பேருன்னா ஆளு இல்ல ஐயா.”

“துரை எழுதினதை நான் மாத்தேலாது. என்ரை வேலை போயிடும்.”

அழுது பிரயோசனமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் தீற்றிய பேச்சியை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

“எனக்கு ரெண்டு புள்ள ஐயா. வெள்ளிக்கெழம அந்தத் தோணியில ஏறுதுங்க. கங்காணி சீட்டுல அந்த ரெண்டும் சேந்து எத்தன பேருன்னு கேளுங்க.”

“எத்தினை?”

“அரை.”

தந்திக்காரர் பொம்மையைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, துரையின் வரிக்குக் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார். அதைத் தமிழிலும் சொன்னார்: “கைக்குழந்தையும் ஒரு தலை. தலையை எண்ணவும். சரியோ?”

“சரிங்க ஐயா.”

அவர் கருவியைத் தட்டத் தொடங்கினார். அவர் தட்டி முடிக்கும்வரை ராக்கம்மா அசையவில்லை. முடிந்ததும், “போயிட்டுதோ?” என்று அவர் பாஷையிலேயே கேட்டாள். ஓம் என்றார்.

போனது போனதுதான். போய்ச் சேர்ந்ததா, யார் கையில் சேர்ந்தது, அவன் வாசித்தானா, வாசித்ததை மதித்தானா என்று ஒரு தகவலும் திரும்பி வரவில்லை. வெள்ளிக்கிழமை மலையில் காற்று மரங்களை முறித்துப் போட்டது. இங்கேயே இப்படி என்றால் கடலில் எப்படி? தோணி ஒரே நாளில் மன்னாரில் கரையேறும்; அங்கிருந்து காட்டுவழியாகக் கண்டிக்கு நடக்கப் பத்துப் பன்னிரண்டு நாள். அத்தனை நாளும் தெரியாமலே இருக்க வேண்டும். யாராவது கூட்டமாகப் பேசிக்கொண்டு நின்றால் ராக்கம்மா கிட்டே போகவே பயந்தாள். செய்தியை யாரும் தன் காதில் போட்டுவிடக் கூடாது என்று விலகி விலகி நடந்தாள்.

பதின்மூன்றாம் நாள் அலவத்துகொட மஹ்மூத் நானா தோட்டத்துக்கு அரிசி கொண்டுவந்தார். மாத்தளைப் பாதையில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர்.

“தங்கச்சி, மாத்தளையில ஒங்கட ஆக்கள் வந்தீக்கிறாங்க. நாளைக்கு எங்கட ஊரத் தாண்டுவாங்க” என்றார்.

“புள்ளைங்க இருக்கா நானா?”

நானா தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தார். “நான் கண்ட கூட்டத்துல புள்ளைகள் இல்ல” என்றார். பொய் சொல்ல வராத மனுஷன்.

திரும்பிப் போன வெறும் வண்டியில் அவளும் ஏறிக்கொண்டாள். மறுநாள் காலையில் அலவத்துகொட வளைவில் கூட்டம் தெரிந்தது. எண்ணினாள். ஆண்கள், பெண்கள். ஒரு பிள்ளை இல்லை, ஓர் அரைப்பேர்கூட இல்லை. பெரியதம்பி அவளைக் கண்டதும் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான். ராக்கம்மா அவன் சட்டையைப் பிடித்து நெஞ்சில் மாறி மாறி அறைந்தாள்.

“எங்கடா என் புள்ளைங்க? எங்கடா?”

“கரையில இருக்குதுங்க அக்கா. பாம்பன்லயே. தந்தி வந்துருச்சுன்னு நூறு தலைக்கு மேல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. வேலைக்கு ஆளு வேணும்ல, அதான் முழுப்பேரு எழுவத்தெட்டையும் கட்டாயமா ஏத்திட்டானுங்க. மிச்சத்துக்குப் பெரிய அரைப்பேரா பாத்து ஏத்த வந்தப்ப, தாய்மாருங்க புள்ளைய விட்டுட்டு வரமாட்டோம்னு கத்துனாங்க. அதுல நாலஞ்சு பேரு எறங்கிட்டாங்க, பாலம்மாவும்தான். அரைப்பேரு, பேரில்லாதது எல்லாம் அவங்ககிட்ட. அடுத்த நடையில வருதுங்க. நான் என்னா செய்வேன் அக்கா, என்னய தூக்கிப் போட்டுட்டானுங்க.”

“கடல்?”

“பாதிக் கடல்ல காத்து மாறிருச்சு. தோணி சாஞ்சு, தண்ணி உள்ள வந்துச்சு. போயிரும்னுதான் நெனச்சோம். எப்புடியோ நிமுந்துச்சு. தோணிக்காரரு சொன்னாரு, இன்னும் ஒரு முப்பது தலை இருந்திருந்தா அவ்வளவுதானாம்.”

ராக்கம்மா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறைந்த கையாலேயே தம்பியின் காலைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானா மாட்டை ஓரங்கட்டிவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

தலைராக்கு என்ற பட்டம் அந்த வாரமே ஒட்டிக்கொண்டது. தந்தி ஆபீஸ் கதையைக் கங்காணிதான் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார், தன் பங்கைக் கொஞ்சம் குறைத்து. அதற்குப் பிறகு வண்டியோ தோணியோ, யார் எதில் ஏறினாலும் ராக்கம்மா குறுக்கே நின்று தலையை எண்ணுங்க என்பாள். ஆனால் அவளுக்கு இன்னும் தூக்கம் வரவில்லை. இன்னொரு தோணி இருக்கிறது, இன்னொரு கடல் இருக்கிறது.

இரண்டாவது நடை இருபத்தெட்டு நாள் கழித்து வந்தது. பேச்சி வளர்ந்திருந்தாள், அம்மா என்று ஓடி வந்தாள். சோணை பாலம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு இது யாரு என்று கேட்டான். அவள் பயந்தது நடந்தது. நடந்தபிறகு அது அவ்வளவு பெரிதாக இல்லை. அவன் உயிரோடு நின்று கேட்டான், அது போதும்.

துரை பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று பழம் உரிக்கும் கூடத்துக்கு வரச்சொன்னார். தொட்டியில் இப்போது கோப்பிக்கொட்டை கிடந்தது, பறிப்பு தொடங்கிவிட்டது. மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் பிள்ளைகளை ஒவ்வொன்றாக ஏறச் சொன்னார். முன்பு கண்மதிப்பில் போட்ட எடை சரிதானா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பேச்சி ஏறினாள், இறங்கினாள். சோணை ஏறி, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆடினான்.

துரை முள்ளைப் பார்த்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை விரித்தார்.

“பேர்?” என்று கேட்டார்.

“இவனுக்குப் பேரில்ல தொரை” என்றார் பொன்னையா கங்காணி, பழக்கத்தில்.

“சோணை” என்றாள் ராக்கம்மா. “எழுதிக்குங்க தொரை. சோணை.”

துரை எழுதினார். சோணை, நாற்பத்திரண்டு றாத்தல்.